பெரட்டில் சொல்லாமல்

பெப்ரவரி 9, ஞாயிறு

ட்ரோன் வாங்கிவிட்டேன். யட்டியாந்தோட்டை பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நுஹ்மான் நானாவிடமிருந்து. அவர் புதுசு எடுத்துவிட்டாராம், அதனால் பழசைக் கொடுக்கிறாராம். நல்ல சாமானை எவன் கொடுப்பான்? விழுந்ததா, தண்ணீரில் நனைந்ததா, யாராவது கழற்றிப் பார்த்ததா என்று மூன்று தடவை கேட்டேன். "விழாத ட்ரோன் ஏது தங்கச்சி? விழுந்தும் பறக்குதான்னு பாருங்க" என்கிறார். இது ஒரு பதிலா?

அதுமட்டுமில்லை. பதிவை என் பெயருக்கு மாற்றும்வரை சாமானைக் கையில் தரமாட்டேன் என்று அடையாள அட்டைக் கொப்பி, ஃபோம், கையெழுத்து என்று மூன்று வாரம் இழுத்தடித்தார். இப்போது பதிவு நம்பர் ட்ரோனின் வயிற்றில் ஒட்டியிருக்கிறது. நாளைக்கு ஏதாவது நடந்தால் அவர் தப்பிவிடுவார், நான் மாட்டுவேன். அதற்குத்தானே இவ்வளவு கவனம்? சிரித்த முகம். எனக்குச் சிரித்த முகங்களைப் பிடிக்காது.

போகும்போது பிடித்து உட்காரவைத்து ஒரு பாடம் வேறு. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு மேல் போகவிடக் கூடாதாம். ஆட்கள் தலைக்கு மேல் கூடாது, கரண்ட் கம்பிப் பக்கம் கூடாது, காற்று மழையில் கூடாது, ஆமிக் கேம்ப் இருக்கும் திசைக்கே திரும்பக் கூடாது. அடுத்தவர் வாசலையும் குளிக்கிற இடத்தையும் பார்க்கக் கூடாது. பறக்கவிடும் முன் அந்த இடத்தை நடந்து பார்க்க வேண்டும், அங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். "சும்மா தலையாட்டாதீங்க, ஒவ்வொரு தடவையும் எழுதி வைங்க. எங்க, எத்தன மணி, எத்தன நிமிஷம்." அதற்காகத்தான் இந்தக் கொப்பி.

ஏன் வாங்கினேன்? முப்பத்துநாலு வயது. பதினொரு வருடமாகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டி மூக்குத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கட்டாரில். ஒரு கல்யாண வீட்டில் நுஹ்மான் நானா இதைப் பறக்கவிட்டபோது அண்ணாந்து பார்த்தேன், அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது. ஆசைப்பட்டால் தப்பா? புருஷன் போனில் சிரிக்கிறார்: "சர்மி, யார வேவு பாக்கப் போற?"

எல்லாரும் அதைத்தான் கேட்கப் போகிறார்கள்.

பெப்ரவரி 12, புதன், போயா லீவு

தோட்டத்துக் கிரவுண்டு. காலை ஏழரை. காற்று இல்லை. நான்கு நிமிடம். என் தலைக்கு மேல் இன்னும் ஓர் ஆள் உயரம், அவ்வளவுதான்.  பொய் எழுதக் கூடாது, அது மெதுவாக வந்து புல்லில் உட்கார்ந்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் கூட்டம். தங்கம்மா முன்னால் நிற்கிறாள், என்னோடு பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருப்பவள்.

"ஏன் டீச்சர், இது படம் புடிக்குமா?"

"புடிக்கும்."

"நம்ம லயத்துக் கூரையெல்லாம் தெரியுமா?"

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னேன். மத்தியானத்துக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கதை. கம்பனிதான் டீச்சருக்கு மெஷின் கொடுத்திருக்கிறது, யார் யார் காம்பராவுக்குப் பின்னால் கொட்டில் இறக்கியிருக்கிறார்கள் என்று மேலேயிருந்து கணக்கெடுக்கிறார்கள், ஏப்ரல் முடிய எல்லாவற்றையும் உடைப்பார்கள்! என் காம்பராவுக்குப் பின்னாலும்தான் கொட்டில் இருக்கிறது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பெப்ரவரி 16, ஞாயிறு

கிரவுண்டு. ஒன்பது நிமிடம். இன்று மேலே போனேன். ரயில் பெட்டி மாதிரி நீளமாக நம் லயங்கள், கோயில் கோபுரம், பங்களாவின் சிவப்பு ஓடு, அதற்கப்பால் றப்பர் மரங்கள், அதற்கும் அப்பால் களனி கங்கை ஒரு கோடு. இவ்வளவுதானா நம்ம தோட்டம்? இதற்குள்ளேயா நான் முப்பத்துநாலு வருடம் பயந்து பயந்து நடந்தேன்?

சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிறேன், பிறகு மறந்துபோகும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

ட்ரோன் பெட்டியில் இருந்த உபரி விசிறி இரண்டைக் காணோம். பெட்டி பிள்ளைக் காம்பரா அலுமாரியில் இருந்தது. சாவி இருக்கும் இடம் எனக்கும் தங்கம்மாவுக்கும்தான் தெரியும். கேட்டேன். "நான் எதுக்கு டீச்சர் அத எடுக்கப் போறேன்? காதுல மாட்டிக்கவா?" என்றாள். முகம் கறுத்துப்போனது. திருடாதவளுக்கு ஏன் முகம் கறுக்க வேண்டும்?

பெப்ரவரி 24, திங்கள்

விசிறி கிடைத்தது. என் கைப்பையில். தங்கம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

ஆபிசுக்கு யாரோ என் மேல் புகார் எழுதிப் பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். நேற்றுப் பெரிய கிளாக்கர் கூப்பிட்டனுப்பினார். பொம்பளைகள் பீலியில் குளிக்கும்போது பிள்ளைக் காம்பரா டீச்சர் மேலேயிருந்து படம் எடுக்கிறாவாம்!  நான் பீலிப் பக்கம் ஒரு நாளும் போகவிடவில்லை. நானும் அங்கேதானே குளிக்கிறேன்? போனில் இருந்த வீடியோ எல்லாவற்றையும் காட்டினேன். கிளாக்கர் பார்த்துவிட்டு, "ஹரி, ஹரி, கவனமா இருங்க" என்று பாதி சிங்களத்தில் சொல்லி அனுப்பினார். யார் போட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

எனக்குத் தெரியாதா? ஐயாவு கங்காணி. அவர் காம்பராவுக்குப் பின்னால் கொட்டில் மட்டுமில்லை, மாட்டுப்பட்டியும் இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் முதலில் தெரிவது அதுதான்.

நினைத்த மாதிரியே இன்று சாயங்காலம் கிரவுண்டுக்கு வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் இறக்கி முடித்ததும் கிட்ட வந்தார்.

"டீச்சரம்மா, ஒரு வார்த்த. இத எங்கன வுட்டாலும் பெரட்டுல வந்து சொல்லிட்டு வுடுங்க."

"கிரவுண்டுலதான வுடுறேன்."

"இப்ப கிரவுண்டு. நாளைக்கு மலைப் பக்கம் வுடணும்னு தோணும்ல. மலையில என்னென்னமோ இருக்கும். காலையில பெரட்டுல ஒரு வார்த்த கேட்டா நாங்க சொல்லிருவோம்."

காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் வேலைக்காரர்கள் வரிசையாக நின்று பேர் கொடுப்பார்கள், இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி பிரித்துவிடுவார். நானும் போய் அந்த வரிசையில் நிற்க வேண்டுமாம், இவரிடம் அனுமதி கேட்க! நான் என்ன இவர் கையில் பேர் கொடுக்கிற ஆளா? "பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மலையில் என்னென்னமோ இருக்கும். என்ன இருக்கும்? எனக்குத் தெரியக் கூடாத எது இருக்கும்?

மார்ச் 6, வியாழன்

பன்னிரண்டு மணிக்குக் கொழுந்து பறிக்கிற சுகந்தினி பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்தாள். அவளுடைய மகன் விதுர்ஷனுக்குப் பத்து மாதம். போத்தலைக் கிட்டக் கொண்டுபோனாலே தட்டிவிடுவான், அம்மா வந்தால்தான் குடிப்பான். பகல் முழுக்க என் இடுப்பில்தான் இருப்பான் கள்ளன்.

"ஏழாம் மலையில கீழ்ப்பக்கம் அப்புடியே கொழுந்து முத்தி நிக்குது டீச்சர். கீழ்ப்பக்கம் யாரும் எறங்கக் கூடாதுன்னுட்டாரு கங்காணி."

"ஏனாம்?"

வாயைத் திறந்தாள். நான் விடவில்லை. "தெரியும், தெரியும். அவரு எதையோ மறைக்கிறாரு" என்றேன். சுகந்தினி சிரித்துவிட்டுப் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றினாள். அதற்குள் சங்கு ஊதிவிட்டது, ஓடிவிட்டாள்.

கொழுந்து முத்தினாலும் பரவாயில்லை, ஆள் இறங்கக் கூடாது என்றால்? கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறார்களா? கம்பனி மரத்தை அறுத்து விற்கிறார்களா? போன வருடம் மூன்று அல்பீசியா மரம் காணாமல் போனது, யார் கேட்டார்கள்?

மார்ச் 8, சனி

இனிமேல் கிரவுண்டு வேண்டாம். அங்கே எல்லாக் கண்ணும் என் மேல்தான். பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவில் ஒரு பாய் அளவு இடம் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. அங்கேயிருந்து ஏழாம் மலை நேர் எதிரே.

மார்ச் 11, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

பிள்ளைகள் தூங்கியதும் தங்கம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போனேன். இரண்டு பத்து. காற்று இல்லை. ஏழாம் மலையில் பொம்பளைகள் மேல்பக்கம், ரோட்டோரம் நின்றார்கள். ஆட்கள் தலைக்கு மேல் போகவில்லை. கீழ்ப்பக்கம்தான் போனேன், அங்கே ஆளே இல்லை. பெரிய அல்பீசியா மரத்துக்குப் பின்னால் போனபோது கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரியவில்லை, போன் திரையைப் பார்த்து ஓட்டினேன். கிளைக்கு அடியில் இறக்கிப் பார்த்தேன். வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை, ஒரே பச்சை. அடுப்பும் இல்லை, வெட்டின மரமும் இல்லை. திரும்ப எடுத்துவிட்டேன். எட்டு நிமிடம். விசிறியில் என்னவோ மஞ்சளாகப் பிசுபிசுத்தது, இலைப்பால் என்று துடைத்தேன்.

பெட்டியை மூடவில்லை. அதற்குள் சத்தம்.

முதலில் பாட்டுச் சத்தம் என்று நினைத்தேன். பிறகுதான் — ஐயோ, அது அலறல். குளவி! குளவி கலைஞ்சிருச்சு! கூடையைப் போட்டுவிட்டு ரோட்டில் ஓடி வருகிறார்கள், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு, ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து. நாங்கள் பிள்ளைக் காம்பராக் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்தோம். பிள்ளைகள் எல்லாம் எழும்பி ஒரே அழுகை.

ஒன்பது பேருக்குக் கொட்டு. சுகந்தினிதான் மோசம். கால் தடுக்கி விழுந்துவிட்டாளாம், எழும்பவில்லை. ஐயாவு கங்காணி திரும்பி ஓடிப் படங்கை அவள் மேல் போட்டு அவரும் மேலே படுத்துக்கொண்டாராம். லொறியில் ஏற்றும்போது பார்த்தேன். கண் இரண்டும் மூடிவிட்டது, உதடு — அது சுகந்தினி என்று சேலையைப் பார்த்துத்தான் தெரிந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. இங்கே பார்க்க முடியாதென்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

விதுர்ஷன் ஆறு மணிவரை என் இடுப்பில். அவன் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சோறு ஊட்டினால் துப்புகிறான். வாசலையே பார்க்கிறான்.

மார்ச் 12, புதன்

சுகந்தினியை அவசர சிகிச்சை வாட்டில் வைத்திருக்கிறார்களாம். தொண்டைக்குள் குழாய். யாரையும் பார்க்கவிடவில்லை.

யார் கலைத்தது? சும்மா இருக்கிற குளவி சும்மா கலையாது. ஏழாம் மலையில் கூடு இருப்பது எல்லாருக்கும் தெரியுமாம், மூன்று வாரமாகப் பெரட்டில் கங்காணி தினமும் சொல்லித்தான் அனுப்புவாராம். கீழ்ப்பக்கம் இறங்காதே, சத்தம் போடாதே, பவுடர் பூசிக்கொண்டு வராதே. மூன்று வாரமும் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று மட்டும் எப்படி?

எனக்கு மட்டும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

யாரோ புகை போட்டிருக்கிறார்கள். தேன் எடுக்கிற கள்ளன் எவனாவது. அல்லது கங்காணியே ஆள் வைத்துக் கூட்டை எரிக்கப் பார்த்தாரா? எரிக்கப் பார்த்து அது கலைந்து, பயத்தில் ஓடிப்போய்ப் படங்கைப் போட்டாரா?

மார்ச் 14, வெள்ளி

பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். "அன்னைக்கு ரெண்டு மணிக்கு மெஷின் சத்தம் கேட்டிச்சாமே டீச்சர்" என்று தங்கம்மா கேட்டாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, நாப்கினை மடித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "எந்த நாய் சொன்னது?" என்று கத்திவிட்டேன். பிள்ளைகள் பயந்துவிட்டன. இதற்குத்தான் காத்திருந்தார்கள்! ஒரு பொம்பளை கையில் ஒரு சாமான் இருந்தால் பொறுக்காது. வீடியோ இருக்கிறது. எட்டு நிமிடமும் அப்படியே இருக்கிறது. எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டி, வாயை அடைக்கிறேன் பார். எவன் புகை போட்டான் என்பதும் அதிலேயே மாட்டியிருந்தாலும் மாட்டியிருக்கும்.

மார்ச் 15, சனி

பார்த்தேன்.

மத்தியானம் காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, போன் வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிப் பார்த்தேன். ஐந்தாவது நிமிடம் அல்பீசியா மரத்தைச் சுற்றுகிறது. ஐந்து நாற்பதில் இறங்குகிறது. மரத்தின் அடியில் நெஞ்சு உயரத்தில் ஒரு சிவப்புச் சீலைத் துண்டு கட்டியிருக்கிறது. குளவிக் கூடு இருக்கும் மரத்தில் கட்டுகிற துண்டு. இந்தத் தோட்டத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அது தெரியும். நடந்து வருகிறவர்கள் பார்க்கக் கட்டியது. மேலேயிருந்து வந்தால் கடைசியாகத்தான் தெரிகிறது.

ஆறு நிமிடத்தில் கிளைக்கு அடியில் கறுப்பாக, ஒரு சாக்குத் தொங்குகிற மாதிரி. நான் அன்றைக்கு நிழல் என்று நினைத்தேன். நிழல் அசையுமா? கிட்டப் போகிறேன். இன்னும் கிட்ட. நான்தான் போகிறேன், என் விரல்தான். அந்தச் சாக்கு முழுக்க ஒரு தரம் சிலிர்க்கிறது. பிறகு திரை நிறையப் புள்ளி, படம் ஆடுகிறது, விசிறியில் பட்டுப் பட்டுத் தெறிக்கின்றன. நான் திரும்ப எடுக்கிறேன். திரும்பி வருகிற வழி — மேல்பக்கமாக. ரோட்டோரமாக. பொம்பளைகள் நின்ற பக்கமாக. அவங்க மேலயே இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்.

ஒருத்தனும் புகை போடல. ஒருத்தனும் இல்ல அங்க.

நான்தான். நான்தான். நான்தான்.

மார்ச் 16, ஞாயிறு

புருஷனுக்குப் போனில் சொன்னேன்.  "அழிச்சிரு சர்மி. ஒனக்கு மட்டுந்தான தெரியும்? வேல போயிரும், பொலிஸ் வரும். அழிச்சிட்டு மெஷின ஆத்துல போடு."

விரலை வைத்துவிட்டேன். 'அழிக்கவா?' என்று போன் கேட்டது. வேண்டாம் என்றேன். இன்னொரு தடவை வைத்தேன். அதுவும் கேட்டது.

ஒரு மாதமாக எல்லார் முகத்தையும் உற்று உற்றுப் பார்த்தேனே, எவள் எடுத்தாள், எவன் பெட்டிசம் போட்டான் என்று. என் முகத்தைப் பார்க்கவே இல்லையே! கங்காணி சொன்னது ஒரு வார்த்தை. பெரட்டில் வந்து கேளுங்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். சுகந்தினி வாயைத் திறந்தாளே, நான்தானே மூடினேன்?

அவள் செத்துவிட்டால்?

மார்ச் 17, திங்கள்

குழாயை எடுத்துவிட்டார்களாம். கண் திறந்தாளாம். பிள்ளை எங்கே என்று கையால் கேட்டாளாம். தங்கம்மா சொல்லும்போதே நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐயாவு கங்காணி வீட்டுக்குப் போனேன். கயிற்றுக் கட்டிலில் இருந்தார். ஒரு பக்க முகம் இன்னும் வீங்கி, காது பழுத்திருந்தது. போனைக் கையில் கொடுத்தேன். பார்த்தார். துண்டு தெரிகிற இடத்தில், "நான் கட்டுனது" என்றார். முடியும்வரை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"சுகந்தினி புருசனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல."

"நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வாங்க. எங்கிட்டச் சொல்லி என்னா செய்ய? கொட்டு வாங்குனவுங்க அங்கதான் இருக்காங்க."

"அடிச்சிருவாங்களா?"

"தெரியாதும்மா." மூச்சு விட்டார். "நான் அன்னைக்கே வெளக்கமா சொல்லியிருக்கணும். நீங்களும் நின்னு கேட்டிருக்கணும்."

எழும்பும்போது என்னையறியாமல் கேட்டுவிட்டேன், பெட்டிசம் போட்டது யார் என்று. அந்த நேரத்திலும்! "அது யாருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்" என்றார். அவர் இல்லை. அது மட்டும் முகத்தில் தெரிந்தது. இல்லை, முகத்தில் என்ன தெரியும் எனக்கு. அவர் சொன்னார், நம்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஆறரைக்குப் போனேன். வரிசை நின்றது. கைகால் வீக்கம் வற்றாதவர்கள் நான்கு பேர் வேலைக்கு வந்திருந்தார்கள், சம்பளம் போய்விடும் என்று. சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது. "நாந்தான் கலைச்சேன். பெரட்டுல சொல்லாம வுட்டேன். கூடு இருக்கிறது தெரியாது, கேக்கவும் இல்ல. வீடியோ இருக்கு, யாரும் பாக்கலாம்."

ஒருவரும் அடிக்கவில்லை. ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். ஒருத்தி கன்னத்தில் இன்னும் மஞ்சள் பூசியிருந்தாள், அவள்தான் பேசினாள்.

"எம்புள்ள தெனமும் ஒங்க கையிலதான டீச்சர் இருக்கு?"



சுகந்தினி புருஷன் வரிசையின் கடைசியில் நின்றார். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர், ஆஸ்பத்திரி பஸ்சுக்கு நடந்துவிட்டார்.

"சரி, எல்லாரும் மலைக்குப் போங்க. மணி ஆவுது" என்றார் கங்காணி.

மார்ச் 19, புதன்

பதினாலு பிள்ளைகளில் இன்று வந்தது ஐந்து. மற்றப் பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டிருக்கிறார்கள். விதுர்ஷன் வரவில்லை. இடுப்பு காலியாக இருந்தது. ஆபிசில் விளக்கம் கேட்டுக் கடிதம் தந்திருக்கிறார்கள், ஒரு கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

தங்கம்மாவிடம் விசிறி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "எனக்கு அன்னைக்கே தெரியும், ஒங்க பையில இருந்து நீட்டிக்கிட்டு இருந்திச்சு" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

ஏழாம் மலைக்கு நடந்து போனேன். கங்காணி கூட வந்தார். ரோட்டிலிருந்து இறங்கி இருபது அடி வைத்ததும் அந்தச் சிவப்புத் துண்டு கண்ணில் குத்துகிறது. அங்கேயே நின்றுவிட்டோம். கூடு இன்னும் இருக்கிறது, பாதி. நான் நடந்து வந்திருந்தால் இவ்வளவுதான் வேலை. பத்து நிமிடம்.

மார்ச் 26, புதன்

நுஹ்மான் நானாவிடம் போய் எல்லாம் சொன்னேன். ட்ரோனை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று மேசையில் வைத்தேன். தொடவில்லை. "ஆளுக்கு அடிபட்டிருக்கு தங்கச்சி. ஒங்க பேர்ல பதிஞ்ச சாமான். மொதல்ல ட்ரோன் பதிஞ்ச ஆபிசுக்கு நடந்தத எழுதி அனுப்புங்க, பொலிசுலயும் ஒரு என்ட்ரி போடுங்க. பொறகு விக்கிறத பத்திப் பேசுவோம்."

பழைய சர்மிளாவாக இருந்தால், தன் தலை தப்பத்தான் இவர் சொல்கிறார் என்று எழுதியிருப்பேன். இன்றைக்கும் அந்த நினைப்பு வந்தது. வந்ததை எழுதிவைக்கிறேன். கடிதம் அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். தேதி, நேரம், நிமிடம் எல்லாம் இந்தக் கொப்பியைப் பார்த்து.

மார்ச் 29, சனி

சுகந்தினி வீட்டுக்கு வந்துவிட்டாள். போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 3, வியாழன்

போனேன். முட்டையும் ஹோர்லிக்சும் கொண்டுபோனேன். புருஷன் வாசலிலேயே வாங்கி வைத்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து சுகந்தினியின் குரல் கேட்டது, தொண்டை இன்னும் கரகரக்கிறது. "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே டீச்சர்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

என் விளக்கத்துக்கு ஆபிசிலிருந்து பதில். வேலை இருக்கிறது, கடைசி எச்சரிக்கை. தோட்ட எல்லைக்குள் பறப்பதென்றால் எழுத்தில் அனுமதி, பெரட்டில் அறிவிப்பு. பெட்டியை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். பெட்டரி மூன்றும் இறங்கிக் கிடக்கிறது.

ஒன்பது பிள்ளைகள் வருகிறார்கள்.

ஏப்ரல் 21, திங்கள்

சித்திரை வருஷத்து லீவு முடிந்து இன்று சுகந்தினி வேலைக்குப் பேர் கொடுத்தாள். பிள்ளையோடு காம்பராவுக்கு வந்தாள். கழுத்தில் கறுப்புக் கறுப்பாகத் தழும்பு. விதுர்ஷன் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு பாய்ந்தான். அவள் அவனைத் திருப்பி, தங்கம்மாவின் கையில் கொடுத்தாள்.

"ஆயாவே வச்சிக்கட்டும்" என்றாள். என்னிடம் இல்லை, தங்கம்மாவிடம். நான் அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியைக் கழுவினேன். கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நான்கு நாளும் அப்படியே.

ஏப்ரல் 25, வெள்ளி

தங்கம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. காலையில் நான் மட்டும்தான். சுகந்தினி வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள், ஆயா எங்கே என்றாள். சொன்னேன். "வேணும்னா புள்ளைய அவன் அத்தகிட்ட வுட்டுட்டுப் போம்மா, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றேன்.  விதுர்ஷன் என் பக்கம் எம்பி எம்பிக் குதித்தான். கொஞ்ச நேரம் கழித்து அவனை என் கையில் கொடுத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

பிறகு வெளியே போனாள். போய்விட்டாள் என்று நினைத்தேன். சோறு பிசைந்து ஊட்டும்போது பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாள், கூடையோடு, கம்பியைப் பிடித்துக்கொண்டு. நான் எடுக்கிற ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் பார்க்கிறாள். மலைக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அசையவில்லை.

நான் பாயை இழுத்து ஜன்னலுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தேன், அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று.